விதைப் புரதத்தைப் பாலிபீனால் கெடுக்கிறதா?

கேள்வி இதுதான். முழுப் பாசிப்பயறு, கொள்ளு, கேழ்வரகு, சூரியகாந்தி விதை எல்லாம் சேர்த்துச் சத்துமாவு தயாரித்து விற்க நினைக்கும் ஒருவர் கேட்கிறார்: "தோலில் பாலிபீனால் இருக்கிறது, ஆன்டிஆக்ஸிடன்ட், நல்லது என்கிறார்கள். அதே பாலிபீனால் புரதத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது என்றும் சொல்கிறார்கள். தோலை நீக்குவதா, வேண்டாமா? அப்புறம், சூரியகாந்தி விதை மாவில் பிஸ்கட் செய்து பார்த்தேன், ஆறியதும் உள்ளே பச்சையாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?"

பிஸ்கட் கெட்டுப்போகவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அந்தப் பச்சை நிறத்தில் உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பாலிபீனால் (சுருக்கமாகப் பீனால்) என்பது தாவரங்கள் தங்களுக்காகத் தயாரிக்கும் ஒரு வேதிப்பொருள் குடும்பம். அது நல்லதா கெட்டதா என்ற சண்டை ஓயாமல் நடப்பதற்குக் காரணம், குணத்தில் சம்பந்தமே இல்லாத பல பொருள்களை அந்த ஒரே பெயரில் கூப்பிடுவதுதான். கொள்ளுத் தோலில் இருப்பது டானின், பெரிய மூலக்கூறு. சூரியகாந்திப் பருப்பில் இருப்பது குளோரோஜெனிக் அமிலம், மிகச் சிறியது. பருத்திக்கொட்டையில் இருப்பது காஸிப்பால், அது தனி ரகம். மூன்றும் மூன்று விதமாகப் புரதத்தோடு மோதுகின்றன. இதில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட, அது விதையின் எந்தப் பகுதியில் இருக்கிறது, நாம் அதைச் சூட்டிலோ காரத்திலோ (மிளகாய்க் காரம் அல்ல, ஆப்பசோடா போலப் புளிப்புக்கு எதிரான தன்மை) போட்டு என்ன செய்தோம் என்று கேட்பதுதான் பயன் தரும். பாலிபீனால் நூறு கிராமில் இத்தனை மில்லிகிராம் என்று ஒரு எண்ணைக் காட்டி எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் டானின். பிஞ்சு வாழைக்காயையோ பச்சை நெல்லிக்காயையோ கடித்தால் நாக்கு வறண்டு சுருங்குவது போல இருக்கிறதே, அது டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரளவைப்பதால் வரும் உணர்வு. ஆவாரம்பட்டையைப் போட்டுத் தோல் பதனிடுவதும் இதே வேதியியல்தான். பட்டையின் டானின் தோலில் உள்ள கொலாஜன் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது, பிறகு கிருமியாலும் நொதியாலும் அதைச் சிதைக்க முடிவதில்லை. செருப்புத் தோலுக்கு அது வேண்டும், சாப்பாட்டுப் புரதத்துக்கு வேண்டாம்.

எல்லாப் புரதத்தையும் டானின் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றில் புரோலின் என்ற அமினோ அமிலம் அதிகமாக உள்ள, சுருண்டு இறுகாமல் தளர்வாக விரிந்து கிடக்கும் புரதங்கள் என்றால் அதற்கு மிகவும் பிடிக்கும். கொலாஜன் அப்படிப்பட்டது. எச்சிலில் உள்ள சில புரதங்கள் அப்படிப்பட்டவை. சோளத்தின் முக்கியப் புரதமான காஃபிரினிலும் புரோலின் அதிகம். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் லாரி பட்லரும் ஆன் ஹாகர்மனும் 1980களின் தொடக்கத்தில் சோள டானினை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அதே இடத்தில் நடந்த எலி ஆய்வுகள் இன்னும் சுவாரசியமானவை. டானின் நிறைந்த சோளம் கொடுத்ததும் எலிகள் முதல் சில நாள் மெலிந்தன. அதற்குள் அவற்றின் எச்சில் சுரப்பிகள் பெருத்து, புரோலின் நிறைந்த புரதத்தை ஏராளமாகச் சுரக்கத் தொடங்கின. டானின் வாயிலேயே சிக்கிக்கொண்டது, எலிகள் பழையபடி எடை போட்டன. வெள்ளெலி என்கிற ஹாம்ஸ்டருக்கு அப்படிச் சுரக்கத் தெரியவில்லை, அது தேறவில்லை. மனித எச்சிலில் இந்தப் புரதங்கள் எப்போதுமே கணிசமாக இருக்கின்றன. தாவரம் தின்று வளர்ந்த நமக்கு இப்படி ஒரு காப்பு இருப்பது ஆச்சரியமில்லை.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் புரிகிறது. டானின் சாப்பிட்டால் மலத்தில் நைட்ரஜன் அதிகமாக வெளியேறும். உடனே, சாப்பிட்ட புரதம் செரிக்கவில்லை என்று கணக்கு எழுதிவிடுவார்கள். ஆனால் வெளியேறுவதில் ஒரு பங்கு சாப்பாட்டின் புரதமே அல்ல. எச்சில், செரிமான நொதிகள், குடல் சுவரிலிருந்து உதிரும் செல்கள் என்று நம் உடம்பு போட்ட முதலும் டானினோடு சேர்ந்து போகிறது. உடம்புக்கு நஷ்டம் நஷ்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பயறு சரியில்லை என்று சொல்வதும், உடம்பு கூடுதலாகச் செலவழிக்கிறது என்று சொல்வதும் ஒன்றல்ல.

டானின் புரதத்தைப் பிடிப்பது பெரும்பாலும் தளர்வான பிடி. ஹைட்ரஜன் பிணைப்பும், எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும்தான் அதற்குக் காரணம். சூழல் மாறினால் அந்தப் பிடி விடும், அமினோ அமிலங்கள் சேதமாவதில்லை. சேதம் வேண்டுமென்றால் பீனால் ஆக்ஸிஜனேற்றம் அடைய வேண்டும். அங்கேதான் சூரியகாந்தி வருகிறது.

கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுக்கிறது. கத்தரிக்காயின் பிரதான பீனாலும் சூரியகாந்திப் பருப்பில் இருக்கும் அதே குளோரோஜெனிக் அமிலம்தான். காற்று பட்டதும் காயில் உள்ள ஒரு நொதி அதைக் குயினோன் என்ற பொருளாக மாற்றுகிறது. நொதி இல்லாவிட்டாலும், காரத்தன்மை இருந்தால் போதும், காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். குயினோன் சும்மா இருக்காது. அருகில் உள்ள புரதத்தில் லைசின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களைக் குறிவைத்து, லைசினின் அமினோ குழுவையும் சிஸ்டீனின் கந்தகக் குழுவையும் தேடிப்போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய லைசினை எந்தச் செரிமான நொதியாலும் பிரித்தெடுக்க முடியாது. டிரிப்சின் என்ற நொதி புரதச் சங்கிலியை லைசின், ஆர்ஜினின் இருக்கும் இடங்களில்தான் வெட்டும். லைசினில் ஏதாவது ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் வெட்டும் நடக்காது, ஆகவே பக்கத்தில் உள்ள நல்ல அமினோ அமிலங்கள் வெளிவருவதும் தாமதமாகும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 1982ல் ரிச்சர்ட் ஹரெலும் அவருடன் பணியாற்றியவர்களும் பால் புரதமான கேசீனைக் காஃபீக் அமிலத்தோடு சேர்த்து, காரத்திலும் நொதியாலும் ஆக்ஸிஜனேற்றம் செய்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்புக்குக் கிடைக்கும் லைசின் நன்றாகவே குறைந்தது. காஃபீக் அமிலம் வேறெதுவும் இல்லை, குளோரோஜெனிக் அமிலத்தின் பாதி.

சரி, உங்கள் பிஸ்கட். எண்ணெய் நீக்கிய சூரியகாந்தி மாவில் குளோரோஜெனிக் அமிலம் 1 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். நீங்கள் ஆப்பசோடா போட்டிருப்பீர்கள். சோடா மாவைக் காரமாக்குகிறது, பீனால் குயினோனாகிறது, குயினோன் லைசினோடும் மற்ற அமினோ குழுக்களோடும் சேர்ந்து கடைசியில் பச்சை நிறப் பொருளாகிறது. ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள், நிறம் தெளிவாகத் தெரியும். விஷம் இல்லை. நிறம் மட்டும் வேண்டாம் என்றால் சோடாவைக் குறையுங்கள், அல்லது கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ புளித்த தயிரோ சேர்த்து மாவைப் புளிப்புப் பக்கம் திருப்புங்கள்.

ஒரு பிஸ்கட்டில் போகும் லைசினைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆலையில் கதை வேறு. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கிலிருந்து புரதத்தைப் பிரித்து மாவாக்கும்போது வழக்கமான வழி, காரக் கரைசலில் கரைத்துப் பிறகு அமிலம் விட்டுத் திரளவைப்பது. சோயாவுக்குப் பொருந்தும் அந்த வழியைச் சூரியகாந்திக்கும் பயன்படுத்தினால் கரும்பச்சை நிறத்தில், சரியாகக் கரையாத மாவு கிடைக்கும். சூரியகாந்திப் புரதம் பல ஆண்டுகளாக மனித உணவுக்கு வராமல் கால்நடைத் தீவனத்திலேயே நின்றதற்கு இந்த நிறம் ஒரு முக்கியக் காரணம். இப்போது காரத்தைத் தவிர்த்து, உப்புக் கரைசலில் நடுநிலையில் கரைப்பது, முன்கூட்டியே ஆல்கஹால் கலந்த நீரில் கழுவிப் பீனாலை வெளியேற்றுவது, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கச் சல்ஃபைட் சேர்ப்பது என்று பல வழிகள் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள். இங்கே பீனால் இருப்பது ஓட்டில் அல்ல, பருப்பிலேயே, புரதத்துக்குப் பக்கத்திலேயே. ஓட்டை எவ்வளவு சுத்தமாக நீக்கினாலும் இந்தச் சிக்கல் தீராது. பயறு விஷயத்தில் இது தலைகீழ்.

லைசின் போனால் ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். லைசின் போல உடம்பால் தானே தயாரிக்க முடியாத, சாப்பாட்டிலிருந்தே வர வேண்டிய அமினோ அமிலங்களை அத்தியாவசிய அமினோ அமிலங்கள் என்கிறோம். புரதத்தின் தரத்தை, அதில் எந்த அத்தியாவசிய அமினோ அமிலம் தேவையோடு ஒப்பிட மிகக் குறைவோ அதுதான் தீர்மானிக்கிறது. மற்றவை எவ்வளவு இருந்தாலும், குறைவானது தீர்ந்த இடத்தில் உடம்பு புரதம் கட்டுவதை நிறுத்திவிடும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2007ல் வெளியிட்ட அளவுகோலின்படி, வளர்ந்தவர்களுக்கு ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் லைசின் வேண்டும். சூரியகாந்தியில் சுமார் 35தான். ஏற்கெனவே பற்றாக்குறை. அதில் பத்தில் ஒரு பங்கு குயினோனோடு போனால் மொத்தப் புரதத்தின் மதிப்பும் அதே அளவு இறங்கும். அரிசி, கோதுமை, சோளம் என்று எல்லாத் தானியங்களும் இந்தப் பக்கம்தான். பயறு வகைகளில் லைசின் தேவைக்கு மேலேயே இருக்கிறது, அங்கே குறைவது மெத்தியோனினும் சிஸ்டீனும். பயறில் கொஞ்சம் லைசின் போனால் தனியாகச் சாப்பிடும்போது தெரியாது. ஆனால் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம், சோற்றின் லைசின் குறையைப் பருப்பு ஈடுகட்டும் என்பதுதானே நம்பிக்கை. அந்த ஈடு கொஞ்சம் மெலிகிறது.

இந்த லைசின் பிரச்சினையின் உச்சம் பருத்திக்கொட்டை. கொட்டையை உடைத்துப் பார்த்தால் பருப்பில் கரும்புள்ளிகள் தெரியும். அவை சுரப்பிகள், அவற்றுக்குள் காஸிப்பால் இருக்கிறது. இதற்குக் குயினோனாக மாற வேண்டிய அவசியமே இல்லை, மூலக்கூறிலேயே இரண்டு ஆல்டிஹைடு குழுக்கள் உள்ளன. எண்ணெய் எடுக்கும்போது சுரப்பி உடைந்து சூடுபட்டதும் அவை நேராக லைசினைப் பிடித்துக்கொள்கின்றன. இதில் ஒரு விசித்திரமான பேரம் இருக்கிறது. கட்டுறாத காஸிப்பால், அதாவது எதோடும் ஒட்டாமல் தனியாக இருப்பது, மனிதருக்கும் கோழிக்கும் பன்றிக்கும் நச்சு. சூடு படுத்தினால் அது புரதத்தோடு கட்டுண்டு, உடம்பில் சேராமல் பெருமளவு பாதிப்பில்லாததாகிறது. ஆனால் அந்தக் கட்டுக்கு விலை லைசின். நச்சைக் குறைத்தால் புரதம் கெடும், புரதத்தைக் காப்பாற்றினால் நச்சு நிற்கும். மாட்டுக்கு இந்தக் கவலை குறைவு, அளவோடு கொடுத்தால் அசைபோடும் வயிற்றிலேயே பெரும்பகுதி கட்டுண்டுவிடும். கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது சும்மா வந்த வழக்கமில்லை. கோழிக்கு அதிகம் வைத்தால் முட்டையின் மஞ்சள் கரு ஆலிவ் பச்சையாகும், அது காஸிப்பால் இரும்போடு சேர்வதால்.

குவாத்தமாலாவில் மத்திய அமெரிக்க, பனாமா ஊட்டச்சத்து நிறுவனம் 1950களில் இந்தப் பேரத்தைத் துணிந்து செய்தது. நெவின் ஸ்க்ரிம்ஷா, ரிக்கார்டோ பிரெஸ்ஸானி ஆகியோர் உருவாக்கிய இன்காபரினா என்ற கஞ்சி மாவில் சுமார் 38 சதவீதம் பருத்திக்கொட்டை மாவுதான், மீதி பெரும்பாலும் மக்காச்சோளமும் சோளமும். பால் வாங்க முடியாத குடும்பங்களின் குழந்தைகளுக்காக வந்தது அது. அதற்குத் தேவையான மாவை, சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து, கட்டுறாத காஸிப்பாலும் குறைய வேண்டும், லைசினும் நிற்க வேண்டும் என்று பார்த்துத் தயாரிக்க வேண்டியிருந்தது. காஸிப்பால் இல்லாத பருத்தியையே வளர்த்துவிடலாமே என்று அமெரிக்காவில் 1950களிலேயே முயன்றார்கள். சுரப்பி இல்லாத செடி வந்தது, பூச்சிகள் விருந்து கொண்டாடின. பிறகு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ராத்தோரின் குழு, இலையிலும் தண்டிலும் காஸிப்பாலை விட்டுவைத்து விதையில் மட்டும் அடக்கும் மரபணு முறையை 2006ல் வெளியிட்டது. அமெரிக்க வேளாண் துறை 2018லும் உணவு மருந்து நிர்வாகம் 2019லும் அந்தப் பருத்திக்கு வழிவிட்டன.

மதுரைப் பக்கம் யாராவது இதைப் படித்தால் பருத்திப்பால் ஞாபகம் வந்திருக்கும். கொட்டையை ஊறவைத்து ஆட்டி, பாலைப் பிழிந்து, கருப்பட்டியும் அரிசி மாவும் போட்டு நன்றாகக் கொதிக்கவைப்பது. காஸிப்பால் தண்ணீரில் சரியாகக் கரையாது, சக்கையை வடிகட்டிவிடுகிறோம், கொதியில் ஒரு பங்கு கட்டுண்ணும். சுவைக்காகக் குடியுங்கள். புரதத்துக்காக என்று தினமும் சொம்பு சொம்பாகக் குடிக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் சத்துமாவில் பருத்திக்கொட்டையைப் பொடித்துச் சேர்க்கவே கூடாது.

சோளத்துக்கு வருவோம். டானின் புரதத்தைக் கெடுக்கிறது என்று இணையத்தில் சுற்றும் எச்சரிக்கைகளில் பெரும்பங்கு சோள ஆய்வுகளிலிருந்து வந்தது. ஆனால் அந்தச் சோளம் நம் சோளம் இல்லை. எல்லாச் சோளத்திலும் டானின் கிடையாது. மேல்தோலுக்கும் மாவுப்பகுதிக்கும் நடுவே நிறமுள்ள ஒரு படலம் இருக்கும் ரகங்களில்தான் டானின் இருக்கும். நம்மூரில் சாப்பிடும் வெள்ளைச் சோளத்தில் அந்தப் படலம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் க்வீலியா என்ற குருவிகள் லட்சக்கணக்கில் வந்து வயலையே காலி செய்துவிடும். துவர்க்கும் சோளத்தை அவை கடைசியாகத்தான் தொடும், அதனால் விவசாயிகள் தெரிந்தேதான் டானின் சோளம் பயிரிடுகிறார்கள். உகாண்டாவின் கிகேசி மலைப்பகுதியில் அதைச் சாப்பிட ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: தானியத்தை மரச்சாம்பல் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைப்பது. சாம்பல் தண்ணீர் காரம். மேல் படலத்தில் இருக்கும் டானினை அது கழற்றவும் செய்கிறது, செயலிழக்கவும் வைக்கிறது.

சூரியகாந்தியில் காரம் வேண்டாம் என்றீர்கள், இங்கே காரம் நல்லது என்கிறீர்களே என்று கேட்பீர்கள். இடம்தான் வித்தியாசம். சோளத்தில் டானின் மேல் படலத்தில் தனியாக இருக்கிறது, முழுத் தானியமாக இருக்கும்போதே காரம் பட்டு அங்கேயே அடங்கிவிடுகிறது. சூரியகாந்தியில் மாவாக்கிய பிறகு பீனாலும் புரதமும் கலந்த நிலையில் காரத்தைச் சேர்க்கிறோம்.

சோளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டானின்மேல் எல்லாப் பழியையும் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. டானினே இல்லாத வெள்ளைச் சோளத்தையும் தண்ணீரில் வேகவைத்தால் அதன் புரதத்தின் செரிமானம் குறைகிறது. காஃபிரின் மூலக்கூறுகள் வேகும்போது ஒன்றோடொன்று கந்தகப் பாலம் போட்டு இறுகிவிடுவதுதான் காரணம், பீனாலுக்கு அதில் பங்கில்லை. மாவைப் புளிக்கவைத்துச் சமைத்தால் இது ஓரளவு சரியாகிறது.

பயறுக்கு வருகிறேன், உங்கள் மாவில் அதிகம் சேரப்போவது அதுதான். பயறில் டானின் கிட்டத்தட்ட முழுவதும் தோலில்தான். தோல் கறுப்பாக, சிவப்பாக, பழுப்பாக இருந்தால் டானின் இருக்க வாய்ப்பு அதிகம், வெளிறியிருந்தால் குறைவு. வெள்ளைப் பூப் பூக்கும் ஃபாபா மொச்சை ரகங்களில் டானின் இல்லாததும், நாட்டுக் கொண்டைக்கடலையைவிடக் காபுலிக் கடலையில் குறைவாக இருப்பதும் இதனால்தான். தோல் நீக்கி உடைத்துப் பருப்பாக்கும்போது டானினின் பெரும்பகுதி உமியோடு போய்விடுகிறது.

அதனால் எவ்வளவு லாபம்? பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாதின் குழு, ஐசோடோப்புக் குறியிட்ட (உடம்பில் எங்கே போகிறது என்று பின்தொடரக்கூடிய அணுக்களைச் சேர்த்து வளர்த்த) பயறு வகைகளை மனிதர்களுக்கே கொடுத்து, அமினோ அமிலங்கள் சிறுகுடலில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று அளந்தது. முழுப் பாசிப்பயறில் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் சுமார் 63 சதவீதம் உறிஞ்சப்பட்டன. தோல் நீக்கிய பிறகு சுமார் 71. மலத்தை வைத்துக் கணக்கிடும் பழைய முறையைவிட இந்த முறை நம்பகமானது, பெருங்குடல் பாக்டீரியாக்கள் இடையில் புகுந்து கணக்கைக் குழப்புவதில்லை. ஆனால் இந்த 8 புள்ளி வித்தியாசம் முழுவதையும் டானின் கணக்கில் எழுதக் கூடாது. தோலில் நார்ச்சத்தும் இருக்கிறது, அதுவும் நொதியைத் தடுக்கும்.

கையில் எடுத்துப் பார்ப்போம். ஒருவர் 50 கிராம் பாசிப்பயறு சாப்பிட்டால் சுமார் 12 கிராம் புரதம். 63 சதவீதம் என்றால் ஏழரை கிராம் சேரும், 71 என்றால் எட்டரை. வித்தியாசம் ஒரு கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 50 கிராம். பாலோ முட்டையோ மீனோ சாப்பிடும் வீட்டில் இந்த ஒரு கிராமுக்காகத் தோலைக் களைவதில் எனக்கு உடன்பாடில்லை. தோலில் நார்ச்சத்து இருக்கிறது, சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஆனால் உங்கள் மாவைக் கஞ்சியாக்கி ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதையே பிரதான உணவாகக் கொடுக்கப்போகிறார்கள் என்றால் என் பதில் மாறும். குழந்தையின் வயிறு சிறியது, ஒவ்வொரு வாயும் கணக்கு. அந்தக் குழந்தைக்கு இரும்புச்சத்தும் முக்கியம், டானின் புரதத்தைவிட இரும்பைத்தான் இன்னும் கடுமையாகத் தடுக்கிறது. குழந்தை மாவுக்குத் தோல் நீக்கிய பாசிப்பருப்பு, பெரியவர்கள் மாவுக்கு முழுப்பயறு என்று இரண்டு வகையாகவே செய்யுங்கள்.

கொள்ளில் தோலை உரிப்பது சிரமம், யாரும் வழக்கமாகச் செய்வதில்லை. ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முளைகட்டிக் காயவைத்து வறுங்கள். டானினில் ஒரு பங்கு தண்ணீரோடு போகும், முளைகட்டும்போது டிரிப்சினைத் தடுக்கும் புரதங்களும் குறையும். உண்மையில் பச்சைப் பயறில் புரதத்தைக் கெடுப்பதில் டானினைவிட இந்தத் தடுப்பான்களின் பங்கு பெரிது, நல்லவேளையாக அவை வேகவைத்தால் பெரும்பாலும் செயலிழந்துவிடும். டானின் வேகவைத்தாலும் அப்படிப் போவதில்லை. வேகவைத்ததும் டானின் பாதியாகக் குறைந்தது என்று கட்டுரைகளில் பார்ப்பீர்கள். கரைப்பானில் பிரித்தெடுக்க முடிந்த டானின் குறைந்தது என்பதுதான் அதன் பொருள். ஒரு பங்கு தண்ணீரில் இறங்கியிருக்கும், இன்னொரு பங்கு புரதத்தோடும் மாவுச்சத்தோடும் ஒட்டிக்கொண்டு சோதனைக்குச் சிக்காமல் போயிருக்கும். கொள்ளு ரசத்தில் அந்த இறங்கிய பங்கையும் சேர்த்தே குடித்துவிடுகிறோம், அதுவும் ருசிதான்.

கேழ்வரகில் பீனால் தோலில் நிறைய உண்டு, தோல் உள்ளிருக்கும் மாவோடு இறுக ஒட்டியிருப்பதால் நெல்லைப் போலத் தீட்டவும் முடியாது. இதில் நான் கவலையே படமாட்டேன். கேழ்வரகில் புரதமே 7 சதவீதம் சுமார்தான், அதை நாம் சேர்ப்பது சுண்ணாம்புச்சத்துக்காக. முளைகட்டிய கேழ்வரகு போட்டால் கஞ்சியும் நீர்த்துக் குழந்தைக்கு ஊட்ட எளிதாக இருக்கும், அந்த ஒரு காரணமே போதும்.

லேபிள் அச்சடிக்கும் முன் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவீர்கள். அங்கே புரதம் என்று அளப்பது நைட்ரஜனை, அதை 6.25 ஆல் பெருக்குவார்கள். செரிக்கும் புரதம், டானினோடு ஒட்டிய புரதம், குயினோன் பிடித்த லைசின் எல்லாம் அதில் ஒன்றுதான். மொத்தப் பாலிபீனால் என்று அளப்பதற்குப் பயன்படும் ஃபோலின் வினைபொருளோ பீனாலை மட்டும் காட்டுவதில்லை, வைட்டமின் சிக்கும் நிறம் காட்டும், புரதத்தில் உள்ள டைரோசினுக்கும் காட்டும். 1951ல் உயிர்வேதியியலாளர் ஆலிவர் லோரி இதே வினைபொருளை வைத்துத்தான் புரதம் அளக்கும் புகழ்பெற்ற முறையையே கொடுத்தார். அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்தாலும் ஒரு பொறி உண்டு. அதற்காகப் புரதத்தைக் கடும் அமிலத்தில் உடைக்கும்போது, உடம்பால் பிரிக்க முடியாத சில லைசின் கட்டுகளும் அவிழ்ந்து, லைசின் நிறைய இருப்பதாகக் காட்டும். கிடைக்கும் லைசின் என்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது, கென்னத் கார்பென்டர் 1960ல் வகுத்த முறையும் அதிலிருந்து வந்தவையும். பணம் இருந்தால் ஒரு மாதிரிக்காவது அதைக் கேளுங்கள், முக்கியமாக வறுத்த மாவுக்கு. வறுக்கும்போது சர்க்கரையும் லைசினும் சேர்ந்து சிவப்பது பீனாலுக்குச் சம்பந்தமில்லாத வேறு நஷ்டம். சத்துமாவில் பாலிபீனாலால் போகும் லைசினைவிடக் கருக வறுத்துப் போகும் லைசின் அதிகமாகக்கூட இருக்கலாம். வாசனை வந்ததும் இறக்கிவிடுங்கள்.

இந்தப் பிணைப்பால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. அசைபோடும் மாட்டுக்கு அளவான டானின் நல்லது, முன்வயிற்றில் பாக்டீரியா புரதத்தை அழித்துவிடாமல் அடுத்த அறைக்கு அனுப்பிவைக்கும். உணவு ஆலைகளில் பீனால் ஒட்டிய புரதத்தை எண்ணெய் சிக்குவாடை பிடிக்காமல் காக்கும் பூச்சாகப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். வேர்க்கடலைப் புரதத்தில் பழப் பாலிபீனாலைப் படியவைத்து ஒவ்வாமையைக் குறைக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆனால் ஆலையில் புரதத்தோடு ஒட்டவைத்த பீனால் இனிமேல் நீங்கள் விளம்பரத்தில் படிக்கும் அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் வேலையை முழுதாகச் செய்யாது. ஒன்றைப் பிடித்திருக்கும்போது இன்னொன்றுக்குக் கை காலியில்லை.

சூரியகாந்தி விதையை மாவில் சேர்க்கலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், லைசின் குறைவு என்பதாலும் எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் என்பதாலும். அந்த மாவை வாங்குபவர்கள் அதில் தோசையோ பணியாரமோ செய்து சோடா போட்டால் பச்சையாகும். பாக்கெட்டிலேயே "சோடா சேர்க்க வேண்டாம்" என்று ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மாவில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று தினமும் போன் வரும்.